வெளியுறவில் மதத்துக்கு நிஜமாகவே எடை உண்டா, இல்லை போட்டோவுக்கு மட்டும்தானா?

செக்காலை_மாணவன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைக் கருத்தரங்குக்காக 12 பக்கக் கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு, வெளியுறவுக் கொள்கையில் மதம். படித்தவரையில் இரண்டு கட்சிதான் தெரிகிறது. ஒரு கட்சிக்கு மதம்தான் எல்லாம், நாகரிகங்கள் மோதிக்கொண்டே இருக்கும். இன்னொரு கட்சிக்கு எல்லாமே எண்ணெயும் ஆயுதமும்தான், மதம் மேல்பூச்சு. இரண்டு பேருமே தங்களுக்கு வாகான உதாரணத்தை மட்டும் பொறுக்கிக்கொள்கிறார்கள்.

ஒரு முடிவில் மதத்தின் பங்கு எவ்வளவு என்று எதை வைத்து அளப்பது? தேதி, எண், ஒப்பந்த வாசகம் என்று கையில் பிடிக்கிற மாதிரி உதாரணம் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம். சிங்கப்பூர், பினாங்கு, ரங்கூன், சைகோன் என்று நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கட்டிய கோயில்களை "அந்தக் காலத்துத் தூதரகம்" என்று ஓர் அத்தியாயமாக வைக்கலாமா? காரைக்குடியில் உட்கார்ந்து எழுதுகிற கட்டுரையில் அது இல்லாவிட்டால் நன்றாக இருக்காது. "வை, ஆனால் நிரூபி" என்கிறார் வழிகாட்டி.

---

ஐந்தொகை எழுதியது:

தம்பி, மேடைப் பேச்சையும் கூட்டறிக்கையையும் ஓரமாக வையுங்கள். பேரேட்டைப் பிரியுங்கள். மதம் வெளியுறவுக்குள் வரும்போது ஏதாவது ஒரு தாளில் சாதாரண எண்ணாக இறங்கியிருக்கும்: இத்தனை பேர், இத்தனை நாள், இன்ன வழி, இவ்வளவு கட்டணம். அந்த எண் எப்போது கூடியது, எப்போது நின்றது என்று பாருங்கள். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் எல்லையில் என்ன நடந்தது என்று பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். பாதிக் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும்.

சீனாவின் கையில் உள்ள திபெத்துக்குப் போகிற கயிலாய யாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதை நடத்துவது அறநிலையத் துறை மாதிரி எதுவும் இல்லை, வெளியுறவு அமைச்சகமே நடத்துகிறது. லிபுலேக் கணவாய் வழி 1981 முதல், சிக்கிமின் நாதுலா வழி 2015 முதல். 2017இல் டோக்லாமில் இந்திய, சீன ராணுவங்கள் நேருக்கு நேர் நின்றபோது நாதுலா வழி மூடப்பட்டது, லிபுலேக் வழி நடந்தது. அதாவது சீனா யாத்திரையை மறுக்கவில்லை, தகராறு நடந்த மூலைக்குப் பக்கத்து வாசலை மட்டும் சாத்தியது. 2020இல் கொரோனாவால் நின்ற யாத்திரை, நோய் அடங்கிய பிறகும் திறக்கவில்லை. காரணம், கல்வான் பள்ளத்தாக்கில் இரு ராணுவமும் மோதியது. 2024 அக்டோபரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் ரோந்து பற்றி உடன்பாடு. 2025 ஜனவரியில் வெளியுறவுச் செயலர் பெய்ஜிங் போனபோது யாத்திரை மீண்டும் நடக்கும் என்ற அறிவிப்பு. ஜூனில் முதல் குழு கிளம்பியது. லிபுலேக் வழி 50 பேர் கொண்ட 5 குழு, நாதுலா வழி 50 பேர் கொண்ட 10 குழு, மொத்தம் 750 பேர்.

இந்த வரிசையில் முதலில் நகர்ந்தது படை. யாத்திரை அதற்குப் பின்னால் வந்தது. இரண்டு பக்கமும் முகம் கெடாமல் தரக்கூடிய, செலவில்லாத முதல் வரவு அது. நேரடி விமானம் அதற்கும் பிறகுதான் பறந்தது. "யாத்திரை உறவைச் சீராக்கியது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பற்றும் வரவும் இடம் மாறிவிடும். இன்னொன்று, லிபுலேக் தன் நிலம் என்று நேபாளம் சொல்கிறது. பக்தர் நடக்கிற பாதையே மூன்றாவது நாட்டோடு உள்ள வழக்கு.

அடுத்து கர்தார்பூர், பாகிஸ்தானில் எல்லையோரம் உள்ள சீக்கியக் குருத்வாராவுக்கு இந்தியாவிலிருந்து போகிற வழி. இதன் ஒப்பந்தம் படிக்கப் படிக்கச் சுவை. கையெழுத்து 2019 அக்டோபர் 24, திறப்பு நவம்பர் 9, குரு நானக்கின் 550ஆம் பிறந்த ஆண்டு. நாள் ஒன்றுக்கு 5,000 பேர் வரை. விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட் வேண்டும். பயணத்துக்கு 10 நாள் முன்னால் இந்தியா பட்டியல் அனுப்பும், 4 நாள் முன்னால் உறுதி வரும். கையில் 11,000 ரூபாய்க்கு மேலும் 7 கிலோ பைக்கு மேலும் கூடாது. காலையில் போய் அன்றே திரும்ப வேண்டும். பாகிஸ்தான் தலைக்கு 20 டாலர் சேவைக் கட்டணம் வைத்தது, இந்தியா கடைசிவரை ஆட்சேபித்தும் அது நின்றது. பாஸ்போர்ட் தேவை, கட்டணம், முன்பதிவு மூன்றும் சேர்ந்து கிராமத்து முதியவர்களை வடிகட்டிவிட்டன. 5,000 என்ற இடத்தில் சாதாரண நாட்களில் வந்தது சில நூறு பேர்தான். ஆனாலும் காஷ்மீரின் சிறப்பு நிலை நீக்கப்பட்டு, பாகிஸ்தான் தூதரக உறவைக் குறைத்துக்கொண்ட அதே ஆண்டில்தான் இது திறந்தது. 2024இல் இன்னும் 5 ஆண்டுக்கு நீட்டித்தார்கள். 2025 மே மாதம் சண்டை மூண்டதும் இந்தியப் பக்கம் மூடப்பட்டது. தூதரைக் குறைத்த கோபத்தைத் தாங்கிய வழி, ஏவுகணையைத் தாங்கவில்லை. மதத்தின் எடைக்கு ஓர் அளவுகோல் கேட்டீர்களே, இங்கே ஒன்று கிடைக்கிறது.

ஹஜ் கணக்கு வேறு மாதிரி. ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்பது 1980களின் கடைசியில் இஸ்லாமிய நாடுகள் அமைப்பு வகுத்த விதி. ஆனால் அந்த ஆண்டுக்கான எண்ணை ஒவ்வொரு நாடும் சவூதியோடு தனி ஒப்பந்தமாகப் போட வேண்டும். 2025க்கு இந்தியாவின் பங்கு 1,75,025. ஹஜ் கமிட்டிக்கு 1,22,518, தனியார் நிறுவனங்களுக்கு 52,507. அந்த ஆண்டு தனியார் பங்கில் பெரும்பகுதி கை நழுவிப்போனது. பகை எதுவும் காரணமில்லை. மினாவில் கூடார இடம், தங்குமிடம், வாகனம் மூன்றுக்கும் சவூதி இணையதளம் வழியாகக் குறித்த தேதிக்குள் பணம் கட்டி ஒப்பந்தம் போட வேண்டும். தனியார் கூட்டமைப்புகள் அந்தத் தேதியைத் தவறவிட்டன. அரசு பேசிய பிறகு 10,000 பேருக்கு மட்டும் தளம் மீண்டும் திறந்தது. மதத் தூதரகப் பணி என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதன் அன்றாடம் இதுதான்: ஜித்தா துணைத் தூதரகத்தில் கூடாரக் கணக்கு பார்ப்பது.

---

தொண்டிக்கரை எழுதியது:

ஐந்தொகை அண்ணே, வடக்கே எல்லாம் போய்ட்டு வந்தீங்க, நம்ம கடலை விட்டுட்டீங்களே. தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல கடற்கரை.

தம்பி, கச்சத்தீவை எடுங்க. 1974 ஜூன் ஒப்பந்தம் மொத்தமே ஒரு சில பக்கம். அதுல 5ஆம் பிரிவு: இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலக் கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது. தீவே போகுது, ஆனா அந்தோணியார் கோயிலுக்குப் போற உரிமை தாள்ல நிக்குது. 285 ஏக்கர் தீவு, குடிநீர் கிடையாது, ஆண்டுக்கு ரெண்டு நாள்தான் ஜனம். ஆனா ஒப்பந்தம் போட்டவங்களுக்கு அந்த ரெண்டு நாளை விட முடியலை.

இப்ப நடைமுறை என்னன்னு பாருங்க. இலங்கை விசா கேக்கலைங்கிறது சரி. ஆனா இந்தியப் பக்கம் பட்டியல், படகுப் பதிவு, அடையாள அட்டை, சுங்கச் சோதனை, கடலோரக் காவல்படை சோதனை எல்லாம் உண்டு. நேபாளம், பூட்டானைப் போல, பாஸ்போர்ட் இல்லாம அடுத்த நாட்டு மண்ணை மிதிச்சுட்டு வர்ற இன்னொரு இடம் இது. திருவிழா யாழ்ப்பாண மறைமாவட்டப் பொறுப்பு, வேலையைப் பார்த்துக்கிறது இலங்கைக் கடற்படை. பூசை தமிழ்ல. ரெண்டு கரைச் சொந்தக்காரங்களும் அங்க பாத்துக்கிறாங்க.

எல்லாரும் சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. 5ஆம் பிரிவுல "மீனவர்"ங்கற சொல்லைப் பார்த்துட்டு மீன்பிடி உரிமை இருக்குன்னு எழுதுவாங்க. அங்க இருக்கறது தீவுக்குப் போய்வர்ற உரிமை. மீன்பிடிக்கிற விஷயம் 1976 கடிதப் பரிமாற்றத்துல வருது, அது ஒருத்தர் எல்லைக்குள்ள ஒருத்தர் மீன் பிடிக்கக் கூடாதுங்குது. கோயில் வழி திறந்திருக்கு, வலை வழி மூடியிருக்கு. 2024 பிப்ரவரியில, மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத் தண்டனை குடுத்ததை எதிர்த்து ராமேஸ்வரம் பக்கம் திருவிழாவையே புறக்கணிச்சாங்க. அரசாங்கம் தடுக்கலை, ஜனங்களே நிறுத்தினாங்க. மத உரிமையை ஜனம் பேரம் பேசற கருவியா எடுத்துக்கிட்ட உதாரணம் இது. உங்க புத்தகத்துல இருக்கற ரெண்டு கட்சியிலயும் இதுக்கு இடமில்லை.

இன்னொண்ணும் இலங்கைதான். இது இன்னும் கூர்மையானது. கொரோனாவுல இறந்த எல்லாரையும் எரிக்கணும்னு 2020 ஏப்ரல்ல அரசிதழ் அறிவிப்பு. முஸ்லிம்கள் மாசக்கணக்கா மன்றாடினாங்க, உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம்னு சொல்லியும் அசையலை. 2021 பிப்ரவரி 23, 24 தேதிகள்ல பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வர்றார். 25ஆம் தேதி அடக்கம் செய்ய அனுமதி. ஏன் அந்த வாரம்? மார்ச்ல ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில இலங்கை மேல தீர்மானம் வருது, இஸ்லாமிய நாடுகள் ஓட்டு வேணும். மார்ச் 23 ஓட்டு: ஆதரவு 22, எதிர்ப்பு 11, விலகல் 14. பாகிஸ்தான், வங்கதேசம், சோமாலியா, உஸ்பெகிஸ்தான் இலங்கைக்காக எதிர்த்துப் போட்டாங்க. இந்தோனேசியா, பஹ்ரைன், லிபியா, செனகல் விலகினாங்க. தீர்மானம் நிறைவேறிடுச்சு. ஒரு மதச் சடங்கு உரிமைக்கு ஜெனீவாவுல என்ன விலை போச்சுன்னு இதைவிடத் தெளிவா எங்கயும் கிடைக்காது. முதல்ல அடக்கத்துக்குக் குறிச்ச இடம் இரணைதீவு. அங்க இருக்கற தமிழ்க் கத்தோலிக்க மீனவங்க எதிர்த்ததும் மட்டக்களப்பு ஓட்டமாவடிக்கு மாத்தினாங்க. கொழும்பு பேரம் பேசுது, பாரம் யாரோ ஒரு தீவுக்காரன் தலையில.

இந்த ஓட்டுல இந்தியா விலகல். அதுக்கு மதத்துல காரணம் தேடாதீங்க.

---

செக்காலை_மாணவன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கச்சத்தீவின் 5ஆம் பிரிவை நானும் தவறாகத்தான் குறித்து வைத்திருந்தேன், திருத்திவிட்டேன்.

இரண்டு ஐயம். "ஒரே மதத்து நாடுகள் ஒன்று சேரும்" என்ற கூற்றை எப்படி மறுப்பது, அல்லது எந்த அளவுக்கு ஏற்பது? அப்புறம், மதச் சுதந்திர அறிக்கை வழியாக அமெரிக்கா அழுத்தம் தருவதையும் சேர்க்க நினைக்கிறேன். 2020இல் அமெரிக்கா இந்தியாவைக் கவலைக்குரிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது என்று குறிப்பு எடுத்திருக்கிறேன், சரிதானே?

---

முகப்பு_வாசகர் எழுதியது:

கடைசிக் குறிப்பு தவறு. முதலில் அதை அடித்துவிடுங்கள். அமெரிக்காவில் 1998 சட்டத்தின்படி இரண்டு அமைப்புகள் உண்டு. சர்வதேச மதச் சுதந்திர ஆணையம் பரிந்துரை மட்டும் செய்யும். பட்டியலில் சேர்ப்பது வெளியுறவுத் துறை. ஆணையம் 2020 முதல் இந்தியாவைப் பரிந்துரைத்து வந்திருக்கிறது, வெளியுறவுத் துறை அதை ஏற்றுச் சேர்க்கவில்லை. நம் பத்திரிகைகள் ஆண்டுதோறும் இரண்டையும் போட்டுக் குழப்பும். சவூதி அரேபியா 2004 முதல் அதே பட்டியலில் இருக்கிறது, ஆனால் தடை விதிக்க வேண்டிய இடத்தில் "தேசிய நலன்" என்று விலக்கு எழுதித் தந்துவிடுகிறார்கள். ஒரு நாடு பட்டியலில் இருக்கிறதா என்பதோடு விலக்கு உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மதத்தின் எடை எங்கே நிற்கிறது என்பது விலக்குப் பத்தியில்தான் தெரியும்.

இப்போது "ஒரே மதம் ஒன்று சேரும்" என்ற கூற்று. அஜர்பைஜானில் பெரும்பான்மை ஷியா முஸ்லிம்கள், பக்கத்து ஈரானும் ஷியா நாடு. அஜர்பைஜானோடு கராபாக் பகுதிக்காகப் போரிட்ட ஆர்மீனியா கிறிஸ்தவ நாடு. ஈரான் யாரோடு நெருக்கம்? ஆர்மீனியாவோடு. ஈரானிலிருந்து எரிவாயு போகிறது, பதிலுக்கு ஆர்மீனியாவிலிருந்து மின்சாரம் வருகிறது. அஜர்பைஜானோ இஸ்ரேலுக்கு எண்ணெய் விற்று, அங்கிருந்து ஆயுதம் வாங்குகிறது. ஈரானுக்குள்ளேயே அஜர்பைஜானி மொழி பேசும் மக்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள், எல்லைக்கு அப்பால் அந்த இனத்தின் நாடு வலுப்பதை தெஹ்ரான் விரும்பவில்லை. மதத்தை இனமும் எல்லையும் தின்றுவிட்டன.

நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது பிரேயா விகார். தாய்லாந்தும் கம்போடியாவும் தேரவாத பௌத்த நாடுகள். மோதிக்கொள்வது ஒரு சிவன் கோயிலுக்காக. 1962 ஜூன் 15இல் ஹேக் பன்னாட்டு நீதிமன்றம் கோயில் கம்போடியாவுக்கு என்று தீர்ப்பளித்தது. காரணம், பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடத்தைத் தாய்லாந்து ஆண்டுக்கணக்கில் ஆட்சேபிக்காமல் வைத்திருந்தது. தெய்வம் யாருடையது என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் வேலையே இல்லை. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் துப்பாக்கிச் சண்டை, 2013இல் அதே நீதிமன்றத்தின் விளக்கத் தீர்ப்பு, 2025 ஜூலையில் மறுபடி போர். கோயில் இங்கே வழிபாட்டுக்காக முக்கியம் ஆகவில்லை. விட்டுக்கொடுத்த ஆட்சி உள்நாட்டில் நிலைக்காது என்பதால் முக்கியம் ஆகிறது.

அதற்காக இரண்டாவது கட்சிக்கு ஓடிவிடாதீர்கள். மதம் பூச்சு மட்டும் என்றால் வாத்திகனை எங்கே வைப்பீர்கள்? படை கிடையாது, ஏற்றுமதி கிடையாது, 180க்கு மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு, ஐ.நா.வில் 1964 முதல் பார்வையாளர் இடம். 1978 டிசம்பரில் பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் சிலியும் போருக்கு நாள் குறித்த நிலையில், போப் இரண்டாம் ஜான் பால் கர்தினால் சமோரேயை அனுப்பினார். 1979 ஜனவரி 8இல் மாண்டிவிடியோவில் இரு நாடும் மத்தியஸ்தத்தை ஏற்றன. உடன்படிக்கை முடிய 1984 நவம்பர் வரை ஆனது, ஏறத்தாழ ஆறு ஆண்டு. இரண்டும் ராணுவ ஆட்சிகள், இரண்டும் கத்தோலிக்க நாடுகள். போப் சொன்னார் என்று பின்வாங்கினால் தளபதிக்கு அவமானம் இல்லை. வேறு எந்த மத்தியஸ்தராலும் அந்த வசதியைத் தந்திருக்க முடியாது. ஆனால் இழுபறி உடைய, பிரிட்டனிடம் ஃபாக்லாந்துப் போரில் தோற்ற அர்ஜென்டின ராணுவ ஆட்சி போய் மக்களாட்சி வர வேண்டியிருந்தது. போப் நேரத்தை வாங்கிக் கொடுத்தார், அதற்கு மேல் அரசியல்.

அதே வாத்திகன் சீனாவோடு 2018 செப்டம்பரில் ஆயர் நியமனம் பற்றித் தற்காலிக ஒப்பந்தம் போட்டது. 2020, 2022, 2024 என்று புதுப்பித்தும் அதன் வாசகம் இதுவரை வெளியிடப்படவில்லை. தைவானை அங்கீகரிக்கும் கொஞ்ச நாடுகளில் வாத்திகனும் ஒன்று என்பதைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு (முன்பு இஸ்லாமிய நாடுகள் அமைப்பு) பற்றி ஒரே செய்தி. அல் அக்ஸா பள்ளிவாசலுக்குத் தீவைக்கப்பட்ட பிறகு 1969 செப்டம்பரில் ரபாத்தில் கூடியபோது இந்தியாவையும் அழைத்தார்கள், பாகிஸ்தான் முரண்டுபிடித்ததால் இந்தியக் குழு வெளியே நின்றது. 2019 மார்ச் 1இல் அபுதாபியில் சுஷ்மா ஸ்வராஜ் சிறப்பு விருந்தினராகப் பேசினார், இம்முறை வராமல் இருந்தது பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர். ஐம்பது ஆண்டில் மாறியது மதமா? அமீரகத்தோடு உள்ள எண்ணெய், வணிகம், அங்கே வேலை பார்க்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர். 2024 பிப்ரவரியில் அங்கே திறந்த கோயிலுக்கு 27 ஏக்கர் கிடைத்ததும் அந்தக் கணக்கின் மேல்தான்.

---

கிட்டங்கி எழுதியது:

நகரத்தார் அத்தியாயத்தை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

"தூதரகம்" என்ற சொல்லை விடுங்கள். தூதரகம் ஓர் அரசின் முகம். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூரில் இவர்கள் பிரிட்டிஷ் கொடியின் கீழ், சைகோனில் பிரெஞ்சுக் கொடியின் கீழ். எந்த அரசும் அனுப்பவில்லை, கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் தாங்களாகப் போனார்கள். ஆனால் போன இடத்தில் எல்லாம் முருகனின் வேலை நட்டார்கள், அது வெறும் பக்தியும் இல்லை. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரே கூரையின் கீழ் பல கடைக்காரர்கள் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி அனுப்பிய முகவரான மேலாளோ, அவருக்கு அடுத்த நிலை அடுத்தாளோ அயலூரில் முதலாளி பணத்தை வைத்துக்கொண்டு இருக்கிறான், அவனை நம்ப எது பிணை? ஊரும், நகரத்தாரின் குலப் பிரிவுகளான ஒன்பது கோயில் பிரிவும் பிணை. கோயில் மகமை, அதாவது வியாபாரிகள் கோயிலுக்குக் கட்டும் பங்கு, அந்தப் பிணையின் கண்ணுக்குத் தெரிந்த வடிவம். பேரேட்டில் சாமிக்கென்று தனிப் பற்று வரவு. மகமை செலுத்தாதவனுக்கு அடுத்த கடையில் கடன் புரளுமா? ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். கோயில் இங்கே தகவல் பரிமாற்ற இடம், பஞ்சாயத்து, வட்டி விகித அறிவிப்புப் பலகை, எல்லாமும். சர்வதேச உறவில் இதற்கு "அரசு சாராத மத வலைப்பின்னல்" என்று இடம் உண்டு. அப்படி எழுதினால் நிரூபிக்கலாம்.

எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் எழுத வேண்டும். பெரும்பாலோர் விடுகிற இடம் அதுதான். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1937இல் 25 சதவீதம். அவர்கள் நிலம் தேடிப் போகவில்லை. பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் நிலமாக வந்து விழுந்தது. வட்டிக்கடைக்காரனுக்கு நிலம் என்பது முடங்கிய பணம். ஆனால் வயலை இழந்த பர்மியக் குடியானவன் கண்ணுக்கு வந்தேறி நிலக்கிழார். 1938 ஜூலைக் கலவரத்துக்குத் தீப்பொறி ஒரு முஸ்லிம் எழுதிய நூல், பௌத்தத்தை இழிவு செய்தது என்று. அடி விழுந்தது இந்தியர் பலர் மேல். பிறகு விசாரித்தவர்கள் நிலப் பிரச்சினையையும் பத்திரிகைத் தூண்டுதலையும் பற்றி எழுதினார்கள். மதம் அங்கே தீக்குச்சி, வைக்கோல் வேறு எங்கிருந்தோ வந்தது.

1948இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1962க்குப் பின் ராணுவ ஆட்சி கடைகளையும் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. அத்தனை கோயில் இருந்தும் ஓர் ஏக்கரைக் காப்பாற்ற முடியவில்லை. காரைக்குடியில் பர்மா காலனி இருக்கிறதே, அதுவே இந்த அத்தியாயத்தின் கள ஆய்வு இடம். இந்தியாவும் பௌத்தத்தின் பிறந்த நாடு, பர்மாவும் பௌத்த நாடு, நேருவும் பர்மாப் பிரதமர் ஊ நுவும் நண்பர்கள். இழப்பீட்டுப் பேச்சில் இவற்றில் ஒன்றும் செல்லுபடியாகவில்லை.

இதற்கு எதிர்ப் பக்கத்தில் மலேசியாவை வையுங்கள். அங்கே வட்டிக்கடை ஆட்கள் மட்டும் இல்லை, தோட்டத் தொழிலாளர் லட்சக்கணக்கில், வாக்குரிமையோடு. தைப்பூசம் பினாங்கு, பேராக், சிலாங்கூர், ஜொகூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் விடுமுறை. கோலாலம்பூரில் அது 2008இல்தான் வந்தது. அறிவிப்பு ஜனவரியில். அதற்கு முந்தைய நவம்பர் 25இல் தலைநகரில் இந்தியர்களின் பெரும் பேரணி, அடுத்த மார்ச் 8இல் பொதுத்தேர்தல். தேதி வரிசை பேசுகிறது. கவனம், இது மலேசிய உள்நாட்டு அரசியல். இந்திய வெளியுறவுக் கணக்கில் ஏற்றிவிடாதீர்கள்.

---

ஐந்தொகை எழுதியது:

கிட்டங்கி சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு மாறுபாடு. பௌத்தத் தொடர்பு செல்லுபடியாகவில்லை என்பது 1948 பர்மாவுக்குச் சரி. எப்போதும் அப்படி இல்லை. மங்கோலியாவைப் பாருங்கள். 2016 நவம்பரில் தலாய் லாமா உலான்பாதருக்கு வந்தார். சீனா கடன் பேச்சை நிறுத்தியது, எல்லைச் சரக்குக்குக் கூடுதல் கட்டணம் போட்டது. ஒரு மாதத்தில் மங்கோலிய அமைச்சர் "இனி அழைக்க மாட்டோம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. 2022 ஜூனில் இந்தியா கபிலவஸ்து புத்தர் தாதுக்கள் (புத்தரின் உடல் எச்சங்கள்) நான்கை 11 நாளுக்கு அங்கே அனுப்பியது. வெளியே கொடுக்கக் கூடாத வகை என்று குறிக்கப்பட்ட பொருள், விதிவிலக்கு செய்தார்கள். விமானப்படையின் சி-17 விமானம், அருங்காட்சியகத்தில் உள்ள அதே வெப்பநிலைப் பேழை, அரசு விருந்தினர் மரியாதை. தலாய் லாமாவுக்குக் கதவு மூடின இடத்தில் புத்தருக்கே மூட முடியாது என்ற கணக்கு அது. பெய்ஜிங்கும் வாய் திறக்க வழியில்லை.

தாது அனுப்பினால் திரும்ப என்ன வரும் என்று கேட்டால், நேராக ஒன்றும் வராது. கொழும்பிலிருந்து குஷிநகருக்கு 2021 அக்டோபர் 20இல் முதல் விமானம் பிக்குகளோடு இறங்கியது, அதற்கு முந்தைய ஆண்டு பௌத்த உறவுக்காக 1.5 கோடி டாலர் மானியம் அறிவித்தார்கள். அதே காலத்தில், 2021 பிப்ரவரியில், கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனைய ஒப்பந்தம் இந்தியாவின் கைவிட்டுப் போனது. இரண்டையும் ஒரே பத்தியில் வைத்துவிடுங்கள், வாசகர் பார்த்துக்கொள்வார்.

---

செக்காலை_மாணவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பக்கப் பங்கீடு இப்படி வைத்திருக்கிறேன்: கயிலாயமும் கர்தார்பூரும் 3, கச்சத்தீவும் ஜெனீவா ஓட்டும் 3, பிரேயா விகாரும் பீகிளும் 2, நகரத்தார் 3, மங்கோலியா 1. முன்னுரைக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஹஜ் ஒரு அடிக்குறிப்பு.

---

தொண்டிக்கரை எழுதியது:

ஹஜ்ஜை அடிக்குறிப்பாக்காதீங்க தம்பி. கயிலாயம் 750 பேர், ஹஜ் பங்கு 1,75,025 பேர். பிரேயா விகாரையும் பீகிளையும் சேர்த்து ஒரு பக்கமாக் குறைச்சு அங்க இடம் பண்ணுங்க. நகரத்தார் அத்தியாயத் தலைப்புல "தூதரகம்" இன்னும் இருக்கான்னும் ஒரு தடவை பாத்துருங்க.

---

செக்காலை_மாணவன் எழுதியது:

இருந்தது. இப்போது "மகமையும் அடமானமும்" என்று மாற்றிவிட்டேன். பிரேயா விகாரும் பீகிளும் சேர்ந்து ஒரு பக்கம், ஹஜ் ஒரு பக்கம்.